ஊரும் காடும் சேர்ந்து பிழைக்க: சமூக வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லடாக்கின் மலைக்கிராமங்களில் ஆட்டுப்பட்டி என்றால் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், ஒரு மரக்கதவு, அவ்வளவுதான். மேலே ஒன்றும் இருக்காது. ராத்திரியில் ஒரு பனிச்சிறுத்தை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டால் ஒரு ஆட்டோடு விடாது. ஓட வழியில்லாத ஆடுகள் மிரண்டு சுற்றிச் சுற்றி வரும். கண்ணெதிரே இரை ஓடிக்கொண்டே இருப்பதால் சிறுத்தையும் அடித்துக்கொண்டே இருக்கும். விடிந்து கதவைத் திறந்தால் பட்டி முழுக்கச் செத்த ஆடுகள். சில நேரம் வெளியேறத் தெரியாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் சிறுத்தை. அந்தக் குடும்பம் பல வருடம் வளர்த்துச் சேர்த்தது ஒரே ராத்திரியில் போயிருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் கல்லை எடுத்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

அதே பகுதியில் பட்டிகளுக்கு மேலே கம்பிவலை போர்த்தினார்கள். கதவுகளை இடைவெளி இல்லாமல் பொருத்தினார்கள். 2000-க்குப் பிறகு, பனிச்சிறுத்தையைத் தேடி வரும் பயணிகள் ஊர்க்காரர்களின் வீடுகளிலேயே தங்கும் ஏற்பாடும் வந்தது. ஆட்டை இழந்த குடும்பத்துக்கே விருந்தாளியும் வருமானமும் வர ஆரம்பித்தபோது, சிறுத்தையைப் பார்க்கும் பார்வையும் மாறியது.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது முழுக்க இதைச் சுற்றித்தான்: விலங்கால் வரும் இழப்பு எந்த வீட்டில் விழுகிறதோ, பாதுகாப்பால் வரும் பலன் அந்த வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டித் தந்துவிட்டு, காட்டோரம் இருப்பவரின் பயிர் போனதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் திட்டம் நிற்காது. ஊர் இளைஞர் குழுவோ, சின்னத் தொண்டு நிறுவனமோ, வனத்துறையில் வேலை செய்பவரோ, யார் தொடங்கினாலும் கீழே உள்ள வரிசை உதவும். அவசரப்பட்டு நடுவிலிருந்து தொடங்க வேண்டாம். பெரும்பாலான திட்டங்கள் சுற்றுலாவிலிருந்து தொடங்கித்தான் சறுக்குகின்றன.

முதல் படி: வீடு வீடாக இழப்புக் கணக்கு

கூட்டம் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் பேசுபவர்கள் எப்போதும் பேசுகிற அதே பத்துப் பேராகத்தான் இருப்பார்கள். காட்டோரம் கடைசி வீட்டில் இருப்பவர், நிலமில்லாதவர், விதவைப் பெண், பருவத்துக்கு மட்டும் வந்து மேய்த்துப் போகும் வெளியூர் மேய்ப்பர், இவர்கள் யாரும் அங்கே வாய் திறப்பதில்லை. அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? எந்த விலங்கு, எந்த மாதம், பகலா ராத்திரியா, என்ன போனது, எவ்வளவு போனது. இதுவரை எல்லாரும் செய்வதுதான். இதற்கு அடுத்த கேள்விகள்தான் முக்கியம். ராத்திரிக் காவலுக்கு யார் போகிறார்கள்? எத்தனை ராத்திரி தூங்கவில்லை? காவலுக்குப் போன அப்பாவால் மறுநாள் கூலி வேலைக்குப் போக முடிந்ததா? பிள்ளை பள்ளிக்குப் போனதா? யானைக்குப் பயந்து விறகுக்கோ தண்ணீருக்கோ பெண்கள் சுற்றிப் போகும் தூரம் எவ்வளவு? இந்தச் செலவு எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் இல்லை. ஆனால் குடும்பத்தைக் கேட்டால், பயிர் போனதைவிட இதைத்தான் அதிக நேரம் சொல்வார்கள்.

கூடவே இன்னொரு பக்கத்தில், காட்டிலிருந்து அந்த வீட்டுக்கு வருவதையும் எழுதுங்கள்: தேன், விறகு, மூலிகை, மீன், மேய்ச்சல், வேட்டை இறைச்சி. பாதுகாப்பு என்று நாளைக்கு ஒரு விதி போட்டால் இதில் எது நிற்கும், யாருக்கு நிற்கும் என்பது அப்போதுதான் தெரியும். ஒரு பருவச் சுற்று முழுக்க இந்தக் கணக்கை எடுக்க வேண்டும். அறுவடை மாதத்தில் மட்டும் கேட்டால் யானை மட்டுமே தெரியும். கோடையில் கேட்டால் தண்ணீர்ப் பிரச்சினை மட்டுமே தெரியும்.

வேட்டைக்காரர்களைத் தள்ளி வைத்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குக் காடு வேறு யாருக்கும் தெரியாது. நமீபியாவின் வடமேற்கில் 1980-களின் தொடக்கத்தில் வறட்சியும் கள்ள வேட்டையும் சேர்ந்து யானையையும் காண்டாமிருகத்தையும் அழித்துக்கொண்டிருந்தன. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற பாதுகாவலர் செய்தது, ஊர்த் தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசியதுதான். காவலர்களை ஊர்த் தலைவர்களே தேர்ந்தெடுத்தார்கள். காவலர்கள் பதில் சொன்னதும் அவர்களுக்கே. ஆரம்பத்தில் கூலி உணவுப் பொருளாகத்தான் கிடைத்தது. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், வயணப் பட்டை என்று சொல்லும் காட்டு லவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து வந்தவர்கள் 1990-களின் பிற்பகுதியில் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டார்கள். பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். திருடத் தெரிந்த தடமெல்லாம் காவல் காக்கும் தடமானது.

இரண்டாம் படி: உரிமை யார் கையில்?

இதை வறண்ட சட்ட விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். உரிமை இல்லாத ஊர், வேறொருவர் சொத்துக்குக் கூலியில்லாத காவலாளி மட்டுமே.

ஜிம்பாப்வேயில் 1989-ல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டம் இதற்குப் பெரிய பாடம். வனவிலங்கால் வரும் வருமானம், அந்த விலங்கோடு வாழும் மக்களுக்குப் போக வேண்டும் என்பதே அதன் கருத்து. உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஆனால் சட்டப்படி அதிகாரம் போய்ச் சேர்ந்தது மாவட்டக் கவுன்சிலுக்கு, ஊருக்குப் போகவில்லை. பணம் முதலில் கவுன்சிலின் கைக்கு வந்தது. கவுன்சிலுக்கு நெருக்கடி வந்தபோது ஊருக்குப் போக வேண்டிய பங்கு சுருங்கியது, தாமதமானது. விலங்கு நடமாடும் ஊருக்கும் பணம் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மேசை இருந்தால், அந்த மேசையிலேயே பாதி தங்கிவிடும்.

நமீபியா 1996-ல் சட்டத்தைத் திருத்தியபோது, ஊர் மக்களே உருவாக்கும் 'கன்சர்வன்சி' என்ற அமைப்புக்கு நேரடியாக உரிமை தந்தது. 1998-ல் நான்கு அமைப்புகளோடு தொடங்கி இன்று 86 அமைப்புகள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இந்தியாவில் 2002-ல் வனவிலங்குச் சட்டத்தில் சமூகக் காப்பிடம் என்ற வகை சேர்ந்தது. 2006-ன் வன உரிமைச் சட்டமோ, காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உரிமை உண்டு என்றது. நேபாளத்தில் 1993 வனச் சட்டம் ஊர்க் குழுக்களுக்கு வழி திறந்தது; 2019-ல் புதுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்த பிறகும் 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் தங்கள் காடுகளை நிர்வகிக்கின்றன.

உங்கள் இடத்தில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள். மூன்று கேள்விக்கு எழுத்துப்பூர்வமாக விடை வேண்டும். வெளியாட்களைத் தடுக்க ஊருக்கு அதிகாரம் உண்டா? வருகிற பணம் நேராக ஊரின் வங்கிக் கணக்குக்கு வருமா? இந்த உரிமையை ஒருவர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்ய முடியுமா? மூன்றாவதற்கு 'முடியும்' என்பதே விடையானால், பெரிய முதலீட்டை அதன் மேல் கட்டாதீர்கள். பாதுகாப்பின் பெயரில் ஊரையே காலி செய்யச் சொல்லும் திட்டம் என்றால் அதற்கு இந்த வழிகாட்டி உதவாது. அது வேறு விஷயம், நான் அதை ஆதரிக்கவும் இல்லை.

மூன்றாம் படி: எல்லை, உறுப்பினர் பட்டியல், விதி

நமீபியாவில் ஒரு அமைப்பைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஐந்து வேண்டும்: பக்கத்து ஊர்கள் ஒப்புக்கொண்ட எல்லை, உறுப்பினர் பட்டியல், சாசனம், பிரதிநிதிகள் குழு, பலனை எப்படிப் பங்கிடுவோம் என்ற திட்டம். கடைசியை மறுபடி படியுங்கள். பணம் வருவதற்கு முன்பே பங்கீட்டைப் பேசி முடித்துவிடச் சொல்கிறார்கள். பணம் வந்தபிறகு பேச ஆரம்பித்தால் சண்டைதான் வரும்.

பொதுச் சொத்தை மக்களே எப்படி நீண்ட காலம் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்ததற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடித் துறை என்று பல இடங்களில் அவர் பார்த்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, விதியை அதற்குக் கட்டுப்படுபவர்களே வகுக்க வேண்டும். இரண்டு, தண்டனை படிப்படியாக ஏற வேண்டும். முதல் தடவை கண்ணி வைத்தவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தால் அவன் குடும்பமே திட்டத்துக்கு எதிரியாகிவிடும். முதலில் ஊர்க் கூட்டத்தில் எச்சரிக்கை, அப்புறம் அபராதம், அப்புறம் அந்த வருடப் பங்கு நிறுத்தம், அதற்கும் மேலே போனால் சட்டம். கள்ளச் சந்தைக்காகக் கூட்டமாக வரும் வெளியாட்களுக்கு இந்தச் சலுகை தேவையில்லை.

நாகாலாந்தின் பாங்டி கிராமத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. டோயாங் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும், ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில், அமூர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து தங்கும். 2012-ல் மீன்வலைகளை மரங்களுக்கு நடுவே கட்டி அவற்றைப் பிடித்தார்கள். அந்தப் பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டதாக மதிப்பிட்டார்கள். மறு வருடம், 2013-ல், அங்கே வேட்டை நின்றது. ஊர்க் கவுன்சில் தடைத் தீர்மானம் போட்டது, தேவாலயங்கள் பேசின, வலை கட்டியவர்களே காவலுக்கு நின்றார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகளில் ஒன்றுக்குப் பாங்டி என்றே பெயர் வைத்தார்கள். நான் இதில் கவனிப்பது வேறொன்றையும்தான். அந்த வலையிலிருந்து ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு முறை கணிசமான பணம் வந்துகொண்டிருந்தது. தடை அதை அப்படியே நிறுத்தியது. பறவை பார்க்க வருபவர்களால் தங்கும் வீடுகளும் வழிகாட்டி வேலையும் பிறகு வந்தன என்றாலும், வலை கட்டிய எல்லா வீட்டுக்கும் அது ஈடாகிவிடாது. தடைத் தீர்மானம் போடும் அதே நாளில் இழப்பவர்களின் பெயர்ப் பட்டியலையும் போடுங்கள் என்பது இதனால்தான்.

நான்காம் படி: வருமானத்துக்கு முன், இழப்பைக் குறையுங்கள்

புது வருமானம் வர மூன்று வருடம் ஆகலாம். பட்டிக்குக் கம்பிவலை போட ஒரு வாரம் போதும். அதனால் முதல் வருடப் பணத்தையும் உழைப்பையும் இங்கே போடுங்கள். ஊர் உங்களை நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

யானைக்குத் தேனீப் பெட்டி வேலி ஒரு நல்ல வழி. கென்யாவில் லூசி கிங் வளர்த்தெடுத்த முறை இது: வயலைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு பெட்டியைத் தூண்களுக்கு நடுவே தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைப்பார்கள். யானை கம்பியைத் தொட்டால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். யானையின் தோல் தடிப்பானதுதான். ஆனால் கண்ணோரமும் தும்பிக்கை நுனியும் அப்படியில்லை. தேன் உபரி வருமானம். இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். வறட்சியில் பூ இல்லாவிட்டால் தேனீ பெட்டியை விட்டுப் போய்விடும். காலிப் பெட்டிக்கு யானை நெடுநாள் பயப்படாது. தேனீ வளர்க்கத் தெரிந்த ஒரு ஆள் ஊரில் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

சில இடங்களில் வேலியே வேண்டாம், தகவல் போதும். வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் யானையால் நேர்ந்த மனித மரணங்களில் பல, யானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருட்டில் நடந்துபோனவர்களுக்கு நேர்ந்தவை. அங்கே யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியிலும் உள்ளூர் கேபிள் டிவியிலும் சொல்ல ஆரம்பித்தார்கள். முக்கியமான வளைவுகளில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானையைப் பார்த்த ஊர்க்காரரே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் விளக்கு எரியும். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பவர் தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து நின்றுவிடலாம். மரணங்கள் நன்றாகக் குறைந்தன. யானையை எங்கும் விரட்டவில்லை.

சரி, இவ்வளவு செய்தும் ஆடு போகிறது. அப்போது இழப்பீடா, காப்பீடா? அரசு இழப்பீடு கட்டாயம் வேண்டும், அதற்கு விண்ணப்பிக்க ஊருக்கு ஒருவர் எழுதித் தர வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பினால், பரிசோதகர் வருவதற்குள் எலும்பும் மிஞ்சாது. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியில், கிப்பர் கிராமத்தில், வேறு வழி கண்டார்கள். 1998-ல் ஊர் தன் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியில் கால்நடை மேய்ப்பதை நிறுத்தியது. அதற்கு ஊருக்கு ஈட்டுத்தொகை உண்டு. அங்கே பனிச்சிறுத்தையின் இயற்கை இரையான பரல் என்ற காட்டாடு பெருகியது. 2002-ல் கால்நடைக் காப்பீடு வந்தது. மாட்டுக்காரரும் பிரீமியம் கட்டுவார். வெளியிலிருந்தும் தொகை சேரும். இழப்பு உண்மையா என்று ஊர்க் குழுவே பார்த்து முடிவு செய்யும். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிதி எல்லாருடையது என்பதால் பொய்க் கணக்கு சொல்ல யாருக்கும் எளிதில் மனம் வராது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் செத்தது வியாதியாலா சிறுத்தையாலா என்று தெரியாமல் இருக்காது.

ஐந்தாம் படி: வருமானம் எங்கிருந்து வரும்?

சீக்கிரம் கைக்கு வரும் பலனிலிருந்து தொடங்குங்கள். மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் ஆண்டவடோகா என்ற மீனவ ஊர், 2004-ல் ஒரு பாறைத் திட்டில் ஏழு மாதம் மட்டும் பேய்க்கணவாய் பிடிப்பதை நிறுத்தியது. ஆக்டோபஸ் என்று சொல்கிறோமே, அது. வேகமாக வளரும் உயிர். சில மாதத்தில் எடை பல மடங்காகும். திறந்த நாளில் கிடைத்ததைப் பார்த்துப் பக்கத்து ஊர்களும் மூட ஆரம்பித்தன. அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து, நிரந்தரத் தடைப் பகுதிகளோடு, வெலோந்திரியாகே என்ற கடல் பாதுகாப்புப் பகுதியையே உருவாக்கின. இருபது வருடம் கழித்துப் பவளப்பாறை திரும்பும் என்று சொல்லியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஏழு மாதம் என்றதால் வந்தார்கள். இதை நீங்களும் செய்தால் திறக்கும் நாளுக்கு முன்பே, யார் எத்தனை பேர் இறங்கலாம் என்று முடிவு செய்துவிடுங்கள். காக்காத ஊர்க்காரர் முதலில் வந்து அள்ளிப் போனால் அடுத்த முறை யாரும் காக்க மாட்டார்கள்.

விலங்கையே கொல்லாமல் அதிலிருந்து எடுக்கும் வருமானமும் உண்டு. ஆண்டிஸ் மலையில் ஒட்டக இனத்தைச் சேர்ந்த விகுன்யா, மென்மையான உரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு 1960-களில் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. இன்று லட்சக்கணக்கில் இருக்கிறது. 'சாக்கு' என்ற பழைய முறையில், ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து மந்தையைப் பட்டிக்குள் கொண்டுவந்து, உரோமம் கத்தரித்துவிட்டு உயிரோடு விடுகிறார்கள். ஒரு விலங்கில் கிடைப்பது கால் கிலோவுக்குள். அந்த உரோமம் கடைசியில் உலகின் மிக விலையுயர்ந்த துணிகளில் ஒன்றாகிறது. ஆனால் கத்தரித்த ஊருக்குக் கிடைப்பது அதில் ஒரு சின்னத் துணுக்கு. பொருளை விற்பதோடு நில்லாமல் தரம் பிரிப்பது, நூற்பது என்று ஒரு படியாவது ஊருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோஸ்டாரிகாவின் ஓஸ்தியோனல் கடற்கரையில், பங்குனி ஆமைகள் கூட்டமாகக் கரையேறும்போது முதல் 36 மணி நேரம் மட்டும் ஊர்ச் சங்கத்தினர் முட்டை எடுக்கலாம். கேட்பதற்கு அதிர்ச்சியாக இருக்கும். முதலில் இட்ட முட்டைகளில் பெரும்பகுதியைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டிக் குலைத்துவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. பதிலுக்குச் சங்கம் கரையைச் சுத்தம் செய்கிறது, காவல் காக்கிறது. பாகிஸ்தானின் வடக்கே மார்கோர் என்ற திருகுக்கொம்புக் காட்டாட்டுக்கு, வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில் வேட்டை அனுமதிகளை ஏலம் விட்டு, 80 சதவீதத்தை ஊருக்குக் கொடுக்கிறார்கள். ஒரு அனுமதி லட்சம் டாலரைத் தாண்டும். வேட்டையாடி விலங்கைக் காப்பதா என்று மனம் ஒப்பாதவர்கள் உண்டு. எனக்கும் அது எளிதான விஷயம் இல்லை. ஆனால் அந்த மலைகளில் மார்கோர் குறையவில்லை, கூடியிருக்கிறது. அந்த ஊர்களிடம் மாற்று வருமானம் எதையும் வைக்காமல் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

சுற்றுலாவைக் கடைசியில் வைத்திருக்கிறேன். எல்லா ஊருக்கும் அது வராது. வந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நமீபியாவின் டோரா பகுதி மக்கள் 1996-ல் ஒரு விடுதி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில், ஊருக்கு வருமானத்தில் பங்கு, ஊர்க்காரர்களுக்கு வேலை, பயிற்சி, காலப்போக்கில் உரிமையும் ஊருக்கு மாறும் வழி என்று எழுதிக்கொண்டார்கள். லாபத்தில் பங்கு என்று எழுதாதீர்கள். லாபத்தை எப்படியும் இல்லாமல் காட்டலாம். மொத்த வசூலில் பங்கு என்று எழுதுங்கள். தங்கும் வீடுகளில் விருந்தாளிகளை முறைவைத்து அனுப்புங்கள். இல்லையென்றால் நல்ல கழிப்பறை உள்ள இரண்டு வீட்டுக்கே எல்லாரும் போவார்கள்.

சில நேரம் வாழ்வாதாரத்தைத் தூக்கிவிடுவதற்கும் விலங்குக்கும் நேர்ச் சம்பந்தமே இருக்காது. பெரியாற்றின் ஓரத்தில் மன்னான் பழங்குடியினர் விளைவித்த மிளகு, பறிக்கும் முன்பே வியாபாரிகளிடம் கடனுக்கு அடகில் இருந்தது. கடன் கட்டக் காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. கடனை அடைத்து, மிளகைக் குழுவாக விற்க ஏற்பாடு செய்ததும் காட்டின் மேல் இருந்த அழுத்தம் குறைந்தது. முதல் படியில் எடுத்த நோட்டில் கடன் பற்றிய ஒரு பத்தியும் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: பங்கீடு

பூங்கா வருமானத்தில் ஊருக்கு ஒரு பங்கு என்பது பல நாடுகளில் இப்போது விதி. உகாண்டாவில் நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம். ருவாண்டாவில் 2005-ல் 5 சதவீதமாகத் தொடங்கி 2017-ல் 10 ஆனது. நேபாளத்தில் பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் சுற்றுப்புற ஊர்களுக்கு. எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அது பள்ளிக் கட்டிடமாகவும் சாலையாகவும் மாறுகிறது. சாலை பூங்காவிலிருந்து பத்து கி.மீ. தள்ளி இருப்பவருக்கும் பயன்படும். உருளைக்கிழங்கைக் குரங்கும் பன்றியும் தோண்டிப் போனது வேலியோரத்து வீட்டில் மட்டும்.

அதனால் வருகிற தொகையை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன்: முதல் பங்கு இழப்பு நிதிக்கு, அடுத்தது காவல், சம்பளச் செலவுக்கு, மீதி ஊர்ப் பொதுவுக்கு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். இழப்பு நிதி காலியாக இருக்கும்போது கட்டிடம் கட்டக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் சாசனத்தில் போட்டுவிடுங்கள்.

பெண்கள் விஷயத்தில் வெறும் பிரதிநிதித்துவம் போதாது. கென்யாவின் மாரா சமவெளியில் வனவிலங்குக்காகச் சுற்றுலா நிறுவனங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மாதாமாதம் வாடகை நில உரிமையாளரின் கணக்குக்கே போகிறது. நடுவில் மேசை இல்லாத நல்ல முறை. ஆனால் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். பணம் வீட்டுக்கு வருகிறது, வீட்டில் யார் கைக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. அசாமில் பூர்ணிமா தேவி பர்மன் இதை வேறு விதமாகத் தொடங்கினார். ஹர்கிலா என்ற பெருநாரை கூடு கட்டும் மரத்தடியில் எச்சமும் அழுகிய இரையும் விழுந்து நாறும் என்று மரத்தையே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த வீட்டுப் பெண்களைத் திரட்டினார். பறவைக்கு வளைகாப்பு நடத்தினார்கள், சேலையில் ஹர்கிலாவை நெய்து விற்றார்கள். தறியிலிருந்து வந்த காசு நேராகப் பெண்கள் கைக்குப் போனது. மரத்தை வெட்டலாமா என்ற பேச்சில் அவர்களுக்கும் குரல் வந்தது.

கணக்கை ஊர்ச் சுவரில் எழுதுங்கள். வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு. செயலியில் போட்டேன் என்பது போதாது.

ஏழாம் படி: ஊரே வைத்திருக்கும் பதிவேடு

நமீபியாவின் ஊர்க் காவலர்கள் ஒரு சின்ன நோட்டை எப்போதும் கையோடு வைத்திருப்பார்கள். எந்த விலங்கைப் பார்த்தேன், எங்கே சேதம், எங்கே கண்ணி, எங்கே செத்த விலங்கு என்று அன்றன்றைக்கே குறிப்பார்கள். மாதக் கடைசியில் அதை ஒரு தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டுவார்கள்; ஒரு சம்பவத்துக்கு ஒரு கட்டம். படிக்கத் தெரியாதவரும் அந்தத் தாளைப் பார்த்தால் இந்த மாதம் யானைத் தொல்லை போன மாதத்தைவிட உயரம் என்று சொல்லிவிடுவார். என்ன கண்காணிப்பது என்பதை ஊரே தேர்ந்தெடுத்தது. தாள் ஊர் அலுவலகத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் தரவை எடுத்துக்கொண்டு போய்விடும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. கென்யாவில் 2007 முதல், முன்பு சிங்கத்தை வேட்டையாடிய மாசாய் இளைஞர்கள் சிங்கக் காவலர்களாக வேலை செய்கிறார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே இந்தப் பதிவுக்காகத்தான் என்பவர்கள் அவர்களில் உண்டு.

தானியங்கிக் கேமரா வைப்பதாக இருந்தால், எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்று பெண்களிடம் முதலில் சொல்லுங்கள். விறகு எடுக்கவும் ஒதுங்கவும் அவர்கள் போகும் இடம் அது. ஆள் படம் விழுந்தால் உடனே அழிக்கப்படும் என்பதை விதியாக்குங்கள்.

விலங்கை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல், முதல் படியில் எடுத்த வீட்டுக் கணக்கை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதே வீடுகளில் மறுபடி எடுங்கள். புலி கூடி, காட்டோர வீட்டின் கடனும் கூடியிருந்தால் திட்டம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எட்டாம் படி: கெட்ட வருடத்துக்குத் தயாராக இருங்கள்

2020-ல் பெருந்தொற்று வந்தபோது சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் ஒரே மாதத்தில் வருமானம் நின்றது. காவலர் சம்பளம் குறைந்தது, நில வாடகை குறைந்தது. ஒரு வருடக் காவல் செலவுக்கான சேமிப்பு இல்லாமல் சுற்றுலாவை விரிக்காதீர்கள். வருமான வழி இரண்டாவது இருக்கட்டும், சின்னதாக இருந்தாலும் சரி.

அடுத்தது, வெற்றி கொண்டுவரும் சிக்கல். நேபாளத்தில் 2009-ல் 121 புலிகள், 2022-ல் 355. உலகமே பாராட்டியது. அதே காலத்தில் பர்தியா, சித்வன் பூங்காக்களின் ஓரங்களில் புலியால் செத்தவர்களும் கூடினார்கள். விறகுக்கும் புல்லுக்கும் போனவர்கள்தான் அதிகம். விலங்கு பெருகினால் மேலே சொன்ன நான்காம் படிக்கு மறுபடி திரும்ப வேண்டும்: புல் தொழுவத்திலேயே கிடைக்க வழி, விறகுக்குப் பதில் எரிவாயு, கூட்டமாக மட்டும் காட்டுக்குள் போகும் ஏற்பாடு.

ஒரு மனிதர் செத்த அன்று என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அன்று மாலைக்குள் குழுவிலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கையில் இழப்பு நிதியிலிருந்து முதல் தொகை இருக்க வேண்டும். படிவம் எதுவும் இருக்கக் கூடாது. மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் குடும்பத்தை அலையவிடாமல் கூடப் போக ஒருவர். அந்த வீட்டு மாட்டுக்குப் புல் வெட்டிப் போட அடுத்த பத்து நாளைக்கு யார் என்று பெயர் போட்ட ஒரு பட்டியல். புலியைப் பற்றிய பேச்சை, அந்த வீட்டார் தாங்களாக எடுக்கும் வரை யாரும் எடுக்க வேண்டாம்.